காமனுக்கு ஒரு கதவு

சின்ன ஆபீஸ் எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு சாமி படம், ஒரு 'காமன்' இருக்கும். கரும்பு வில்லோடு வருகிற காமன் இல்லை ஸார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கும் காமன் ஃபோல்டர். கிளிக்கினால் திறக்கும். யார் கிளிக்கினாலும் திறக்கும். சங்கதியே அதுதான்.

உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே ஜோசியம் சொல்லலாம். 'சாலரி ஃபைனல்', 'சாலரி ஃபைனல் புதுசு', 'சாலரி ஃபைனல் இதுதான்' என்று மூன்று கோப்புகள். போன வருஷத்து ஆயுத பூஜை போட்டோக்கள் ஒரு நூறு. பார்ட்டிகளுக்கு அனுப்பும் விலைப்பட்டியல். கொஞ்சம் இளையராஜா. வேறு கம்பெனிக்கு மனுப் போடுவதற்காக டெஸ்பாட்ச் கிளார்க் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடித்த பயோடேட்டா. (முதலாளி அதைப் படித்து ஆறு மாசம் ஆகிறது. ஒன்றும் சொல்லவில்லை. இன்கிரிமென்ட்டும் தரவில்லை.)

"இதைப் பூட்டி வைக்கக் கூடாதா?" என்று கேட்டால், முதலாளிகள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில்தான் சொல்கிறார்கள். எங்கள் கோவைப் பக்கம் அது இப்படி வரும்: "நம்ம ஆபீஸு ஒரு குடும்பமாட்டங்க. குடும்பத்துக்குள்ள என்னத்துக்குங்க பூட்டு?"

குடும்பம் என்றால் பூட்டு இல்லையா? அந்தக் காலத்துப் பாட்டிகளின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உக்கிராண அறைக்கு ஒரு சாவி, நகைப் பெட்டிக்கு ஒரு சாவி. உக்கிராண அறைச் சாவி மருமகளிடம் போகும். பெட்டிச் சாவி போகாது. அதற்காக மருமகளைத் திருடி என்று பாட்டி நினைத்ததாக அர்த்தமில்லை. பருப்பு குறைந்தால் மருமகள் பதில் சொல்ல வேண்டும். நகை குறைந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. இது மருமகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு. பாட்டி பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் விஷயம் தெரிந்தவள்.

பி.காம். படித்தவர்களுக்கு இது வேறு பெயரில் அறிமுகமாகியிருக்கும். ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று ஒரு பாடம். பணம் வாங்குகிறவர் ஒருத்தர், பேரேட்டில் எழுதுகிறவர் இன்னொருத்தர். இரண்டையும் ஒரே கையில் கொடுக்காதே. கேஷியர் திருடுவார் என்பதற்காக ஏற்பட்ட விதி என்று நினைத்து மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்து விடுகிறோம். உண்மையில் ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டிய கேஷியருக்காகவும் ஏற்பட்ட விதி அது. பணம் குறைந்தால், 'நான் இல்லை' என்று அவர் நிரூபிக்க ஒரு வழி வேண்டும் அல்லவா?

அந்த வழி இல்லாத ஒரு ஆபீஸை நான் பார்த்திருக்கிறேன்.

* * *

2019 மார்ச் மாதம். நண்பர் ஒருவர் சிபாரிசில், பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்கு வருஷக் கடைசிக் கணக்கு ஒத்துப் பார்க்கப் போயிருந்தேன். எட்டுப் பேர், ஐந்து கம்ப்யூட்டர். ஐந்துக்கும் ஒரே பெயர்: 'ஆபீஸ்'. ஒரே பாஸ்வேர்டு: கடை போர்டில் இரண்டடி உயரத்துக்கு எழுதியிருக்கும் டெலிபோன் நம்பர். அவினாசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட அந்த ரகசியம் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை விலைப்பட்டியல் ஃபோல்டரைக் காணோம். மூன்று வருஷ விலை, எந்தப் பார்ட்டிக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி என்கிற விவரம், எல்லாம் அதில். தேடினார்கள். ரீசைக்கிள் பின்னில் பார்த்தார்கள். நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை அழித்தால், அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே கைலாசம்தான். அது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். சிவன் நெற்றிக் கண்ணில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடிய வாதம் நடக்கும். கடையிலும் அதேதான். "யாரோ அழிச்சுட்டாங்க" என்று எரிந்த கட்சி. "இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்" என்று எரியாத கட்சி. மத்தியானத்துக்குள் எரிந்த கட்சி ஜெயித்து விட்டது. காரணம், பில் போடுகிற பையன் முந்தின சனிக்கிழமைதான் சம்பளம் கூட்டிக் கேட்டிருந்தான். முதலாளி முடியாது என்றிருந்தார்.

"ஏனுங்ண்ணா, நான் அதைத் தொடவே இல்லீங்ண்ணா" என்று என்னிடம் வந்து சொன்னான். முதல் நாள் வந்த என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? மற்றவர்களிடம் சொல்லி முடித்து விட்டான் போலிருக்கிறது.

கம்ப்யூட்டரிடம் கேட்டால் தெரியாதா என்று சர்வீஸ் செய்கிற தம்பியை வரவழைத்தார்கள். அவர் பத்து நிமிஷம் தட்டிப் பார்த்து விட்டு, "இதுல யாரைக் கேட்டாலும் 'ஆபீஸ்'னுதான் சொல்லுமுங்க" என்றார். எட்டுப் பேரும் 'ஆபீஸ்'. முதலாளியும் 'ஆபீஸ்'.

யாரும் அந்தப் பையனைத் திட்டவில்லை. போலீஸ் வரவில்லை. சாயங்கால டீ வரும்போது, "தம்பி, உனக்குச் சக்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்பது மட்டும் நின்று போயிற்று. மாசக் கடைசியில் அவன் கணக்கை முடித்துக்கொண்டு போய் விட்டான்.

ஜூன் மாதம் ஆயுத பூஜை போட்டோக்களைப் புரட்டும்போது அதற்குள்ளே ஒரு ஃபோல்டர் இருந்தது. விலைப்பட்டியல்! யாரோ மவுஸை அழுத்தியபடி லேசாக இழுத்திருக்கிறார்கள். பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்து விட்டது. தினசரி எல்லா ஆபீஸிலும் நடக்கிற விபத்து. தேடியபோது ஏன் கிடைக்கவில்லை? அவர்கள் 'பிரைஸ் லிஸ்ட்' என்று தேடினார்கள். ஃபோல்டரின் பெயர் 'பி.எல். புதுசு'.

முதலாளி அந்தப் பையனுக்கு போன் போட்டார். "பரவால்லீங்க" என்றானாம். வேறு இடத்தில் சேர்ந்து விட்டானாம். வரவில்லை. அதற்கப்புறம் அந்தக் கடையில் யாரும் குடும்பம் என்ற வார்த்தையைப் பேசி நான் கேட்கவில்லை.

* * *

ஒரே மெஷினை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்கிற தொல்லை, கம்ப்யூட்டர் அளவுக்குப் பழசு. 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில், ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை பிரிண்ட் எடுத்துக் கொடு என்று கம்ப்யூட்டருக்கே உத்தரவு எழுதிப் போட்டார். அது சமர்த்தாக அடித்துக் கொடுத்து விட்டது. பூட்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் சாவிக்கொத்தைத் திண்ணையில் வைத்து விட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். விண்டோஸ் 95 வந்தபோது ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போடும் வசதி இருந்தது. படிக்க ஒன்று, திருத்த ஒன்று என இரண்டு போடலாம். அந்தப் பூட்டு ஆளைப் பார்க்காது. பாஸ்வேர்டு சொன்னவன் உள்ளே போகலாம். ஒருத்தருக்குச் சொன்னது சாயங்காலத்துக்குள் ஆறு பேருக்குத் தெரிந்து விடும். யார் வந்து போனார் என்பதும் தெரியாது. இது போதாதென்று, 2000-ல் ஒரு ஓட்டை வெளியே வந்தது. பாஸ்வேர்டில் எத்தனை எழுத்தைச் சரி பார்ப்பது என்பதை வாசலில் நிற்கிறவனே தீர்மானிக்கலாம் என்கிற மாதிரி விண்டோஸ் 95, 98, எம்.ஈ. மூன்றையும் எழுதியிருந்தார்கள். அதற்கென்று எழுதிய புரோகிராமை வைத்து, முதல் எழுத்தை மட்டும் சரியாகச் சொன்னாலே கதவு திறந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் அக்டோபரில் ஒட்டுப் போட்டது.

விண்டோஸ் 2000-ல் பூட்டு நல்ல பூட்டு. ஆனால் ஒரு ஃபோல்டரைப் பொதுவாக்கினால், 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' என்று அதுவாகவே எழுதிக்கொள்ளும். எல்லோருக்கும் எல்லாம்! 2003-ல் வந்த சர்வர் விண்டோஸில் அது 'எல்லோரும் படிக்கலாம்' என்று குறைந்திருந்தது.

1975-லேயே சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு பேர் இதற்கு விதி எழுதி வைத்து விட்டார்கள். ஒருத்தருக்கு அவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உரிமை மட்டும் கொடு. எதுவும் சொல்லாவிட்டால் 'கிடையாது' என்று வைத்துக்கொள். பாட்டியின் சாவிக்கொத்தை இங்கிலீஷில் எழுதினால் இதுதான் வரும்.

* * *

சரி ஸார், எப்படித்தான் பூட்டுவது என்று கேட்கிறீர்கள். முதல் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் பக்கமே போகாதீர்கள். ஒரு முழு வெள்ளைத் தாளை எடுங்கள். இடது பக்கம் ஆட்களின் பெயர். மேலே ஃபோல்டர்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: 'கிடையாது', 'படிக்கலாம்', 'திருத்தலாம்'. இதை எழுத முடியாவிட்டால் உங்கள் ஆபீஸில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்தக் கோளாறுக்கு மென்பொருள் கிடையாது.

தாள் தயாரா? இனிமேல் கம்ப்யூட்டர்.

ஃபோல்டர் இருக்கும் மெஷினில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. 'ஆபீஸ்' என்ற ஆசாமிக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்து விடுங்கள். அதே பெயர், அதே பாஸ்வேர்டை அவரவர் சீட்டிலும் வைத்துக்கொண்டால், ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் 'நீ யார்' என்று கேட்டுத் தொந்தரவு செய்யாது.

பிறகு குழுக்கள். கணக்கு, விற்பனை, டெஸ்பாட்ச். உரிமையைக் குழுவுக்குக் கொடுங்கள், ஆளைக் குழுவில் சேருங்கள். நாளைக்கு ஆள் மாறினால், சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே இடத்தில் முடியும்.

அடுத்ததில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸில் கதவு ஒன்றில்லை, இரண்டு. 'ஷேரிங்' என்பது தெருக் கதவு. 'செக்யூரிட்டி' என்பது உள் அறைக் கதவு. நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். தெருக் கதவில் 'திருத்தலாம்', அறைக் கதவில் 'படிக்கலாம்' என்றால், படிக்க மட்டும்தான் முடியும். ஆனால் அந்த மெஷினிலேயே நேராக உட்காருகிறவருக்குத் தெருக் கதவு கிடையாது. அவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார். அதனால் முக்கியமான பூட்டு எப்போதும் உள் அறையில் இருக்க வேண்டும். தெருக் கதவில் 'எவ்ரிஒன்' என்று எழுதியிருப்பதை எடுத்து விட்டு, உங்கள் குழுக்களின் பெயரை எழுதுங்கள்.

உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் அப்பா ஃபோல்டரின் உரிமைகளைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளும். விலைப்பட்டியலுக்கு அது சௌகரியம். சம்பள ஃபோல்டருக்கு ஆபத்து. அதற்கு மட்டும் வாரிசுத் தொடர்பை வெட்டி விட்டு, கணக்குக் குழுவையும் முதலாளியையும் தனியே எழுதுங்கள். இன்னும் நல்லது, சம்பளத்தை காமனுக்குள்ளேயே வைக்காமல் இருப்பது.

'டினை' என்று ஒரு கட்டம் கண்ணில் படும். மறுப்பு. அதில் டிக் அடிக்கக் கை அரிக்கும். அடிக்காதீர்கள். பொதுவாக, கொடுத்த உரிமையையும் மறுப்பு ஜெயித்து விடும். 'எல்லோருக்கும் மறுப்பு' என்று அடித்தால் அந்த எல்லோரில் நீங்களும் உண்டு. ஒருவருக்கு வேண்டாம் என்றால் அவர் பெயரை எழுதாமல் விட்டாலே போதும்.

குழுவில் ஆளைச் சேர்த்த உடனே, "வேலை செய்யலையே" என்று கத்த வேண்டாம். அவர் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் புது உரிமை தெரியும். கடைசியாக, அவரை அவர் சீட்டிலேயே உட்கார வைத்து, திறக்க வேண்டியது திறக்கிறதா, திறக்கக் கூடாதது திறக்கவில்லையா என்று இரண்டையும் பாருங்கள். நாம் எப்போதும் முதலாவதை மட்டும் பார்த்து விட்டு டீ குடிக்கப் போகிறோம்.

சில குறுக்கு வழிகளைக் குமாஸ்தா நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஷேரின் பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட்டால் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். நிஜம்தான், ஆனால் பெயர் தெரிந்தவன் டைப் அடித்து உள்ளே வரலாம். அது பூட்டு இல்லை, திரைச்சீலை. எக்ஸெல் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன் என்பார்கள். படிக்க முடியாது, சரி. ஃபோல்டரில் திருத்தும் உரிமை இருக்கிறவன் அந்த ஃபைலை முழுசாக அழித்து விடலாமே!

எல்லோருக்கும் தனிப் பெயர் வந்த பிறகு இன்னொரு வசதி கிடைக்கிறது. விண்டோஸின் புரொஃபஷனல் வகைகளில், எந்த ஃபைலை யார் எப்போது தொட்டார், யார் அழித்தார் என்று குறித்து வைக்கச் சொல்லலாம். நாமாக முடுக்கி விட வேண்டும். அதன் பெயரே 'ஆடிட்டிங்' என்பதில் பி.காம். காரர்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

* * *

முதலாளிக்கு எல்லா ஃபோல்டரிலும் திருத்தும் உரிமை வேண்டுமா? இந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்க வேண்டும். கடை அவருடையது. ஆனால் 2017 மே 12-ஐ நினைவுபடுத்துங்கள். 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் பூராவும் பரவி, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் வரை ஸ்தம்பித்தன. ஃபைல்களையெல்லாம் புரியாத மொழியாக மாற்றி விட்டு, காசு கொடு என்றது. அது பரவிய வழி வேறெதுவுமில்லை, விண்டோஸில் ஃபோல்டர் பகிர்ந்துகொள்கிற அதே ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாசம் முன்னாலேயே ஒட்டுக் கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த மாதிரி வைரஸ், யார் கம்ப்யூட்டரில் நுழைகிறதோ அவருக்கு எங்கெல்லாம் திருத்தும் உரிமை உண்டோ அங்கெல்லாம் கை வைக்கும். எல்லாவற்றையும் திருத்தக்கூடியவர் ஒரு தப்பான ஈமெயிலைத் திறந்தால் எல்லாம் போயிற்று. முதலாளிக்கும் தினசரி வேலைக்கு 'படிக்கலாம்' போதும். வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கடித்து விடும்.

சம்பள ஃபைலுக்கு வேறு ஒரு சங்கடமும் உண்டு. யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்று அதில் இருக்கும். சம்சாரத்தின் ஆபரேஷனுக்கு என்று எழுதிக் கொடுத்தவர், எட்டுப் பேர் படிப்பதற்காக எழுதவில்லை. 2023-ல் நம் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தகவலை ஒழுங்காகப் பாதுகாக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. பம்ப் கடைக்கு 250 கோடி வரப் போவதில்லை. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர், "ஆபரேஷன் எப்படிங்க ஆச்சு?" என்று கேட்கும்போது, யாரிடமும் சொல்லாத அவருக்கு முகம் எப்படிப் போகும் என்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

ஆகவே திங்கட்கிழமை முதலாளியிடம் தாளை நீட்டும்போது, "யாரையும் சந்தேகப்பட்டு இல்லீங்க" என்று மென்று முழுங்காதீர்கள். "யார் மேலயும் சந்தேகம் வராம இருக்கறதுக்குத்தானுங்க" என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு சாவி இருந்தால் ஒரு ஃபைல் காணாமல் போகிற அன்று நாம் ஒரு ஃபைலைத்தான் தேடுவோம், ஆளைத் தேட மாட்டோம்.

சிவன் காமனை எரித்தார். நமக்கு அத்தனை கோபம் வேண்டாம். கதவு வைத்தால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. காமனுக்குள் உங்கள் பயோடேட்டா இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள்.